கூகை கண்ட கல்கத்தா

கொல்கத்தா, அலிப்பூரில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்துக்குக் கடிதம் எழுதுவோர் உறையின் மீது "டூயல் அவென்யூ" என்று முகவரி எழுத வேண்டும். டூயல் என்றால் இருவர் நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொள்ளும் சண்டை. மழையையும் புயலையும் கணிக்கும் அலுவலகம் இப்படியொரு பெயர் கொண்ட சாலையில் இருப்பதற்கு 1780 ஆகஸ்ட் 17-ம் தேதியின் அதிகாலை ஒன்று காரணம்.

அன்று அங்கு பதினான்கு தப்படி தூர இடைவெளியில் துப்பாக்கியும் கையுமாக எதிரெதிரே நின்றவர்கள் தெருச் சண்டியர்கள் அல்லர். ஒருவர் வங்காளத்தின் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ். மற்றவர் அவரது ஆட்சிக் குழுவின் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸ். தனிவாழ்வில் போலவே பொதுவாழ்விலும் வாய்மையும் மானமும் அற்றவர் பிரான்சிஸ் என்று ஹேஸ்டிங்ஸ் அரசுக் குறிப்பிலேயே எழுதிவைத்ததன் விளைவு இது. இருவருக்கும் இத்தகைய சண்டையில் பழக்கம் இல்லை. பிரான்சிஸின் துப்பாக்கி மருந்து ஈரமாகியிருந்தது. வேறு மருந்து கொடுத்துதான் சண்டையைத் தொடர வேண்டியதாயிற்று. முடிவில் அவர் வலப்பக்கம் குண்டடிபட்டு விழுந்தார். ஹேஸ்டிங்ஸுக்குக் காயம் இல்லை.

இதே நேரத்தில் தெற்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஜூலை மாதமே ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கிவிட்டது. செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. சென்னைப்பட்டணம் அச்சத்தில் உறைந்திருந்த நாள்களில் கம்பெனியின் கிழக்கிந்தியத் தலைமை ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தது.

பள்ளிப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும் இந்த மனிதர்களைக் கேலியும் கிசுகிசுவும் கலந்து படமாக வரைந்தால் என்ன என்று கேட்ட புத்தகம் 2007-ல் வெளிவந்தது. கொல்கத்தாவில் பிறந்த சார்நாத் பானர்ஜி எழுதி வரைந்த 'தி பார்ன் அவுல்ஸ் வொண்ட்ரஸ் கேப்பர்ஸ்' என்ற அந்தச் சித்திர நாவலைப் பெங்குயின் இந்தியா ஆங்கிலத்தில் வெளியிட்டது. கூகையின் விந்தைக் கூத்துகள் என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் பயின்ற பானர்ஜிக்கு இது இரண்டாவது நூல். தில்லியின் கன்னாட் பிளேஸ் பழைய புத்தகக் கடையைச் சுற்றிச் சுழலும் 'காரிடார்' 2004-ல் வந்தபோது இந்தியாவின் முதல் சித்திர நாவல் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அது முழு உண்மையல்ல. நர்மதை அணைப் போராட்டத்தைப் பற்றி ஒரிஜித் சென் வரைந்த 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1994-ல், வெளிவந்துவிட்டது. முதல் என்ற பட்டத்தைப் பதிப்பகங்கள் எளிதில் சூட்டிவிடுகின்றன. ஒரு போராட்டத்தின் பக்கம் நின்று வரையப்பட்ட நூலுக்கு அது கிட்டாமற் போனதில் வியப்பில்லை.

கூகைக் கதையின் எலும்புக்கூடு இதுதான். பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் வாழ்ந்த கபாரிதி என்ற யூத வணிகர், வெள்ளை அதிகாரிகளின் ஊழல்களையும் கள்ளத் தொடர்புகளையும் ஒரு புத்தகத்தில் எழுதிவைக்கிறார். 1950-களில் பாரிஸின் மான்மார்த்ர் பகுதியில், ஒரு யூதரின் பழம்பொருள் கடையில், கதைசொல்லியின் பாட்டனார் அதைக் கண்டெடுக்கிறார். பாட்டனார் மறைந்தபின் பேரன் அதைத் தேடிக் கொல்கத்தா வருகிறான். புத்தகம் வீட்டில் இல்லை. தேடல் தொடங்குகிறது, கூடவே ஹேஸ்டிங்ஸ் காலத்துக் கல்கத்தாவும் பக்கங்களில் விரிகிறது. கோட்டோவியங்களுக்கு நடுவே ஒளிப்படங்களும் பழைய அச்சுப்படங்களும் ஒட்டுச் சித்திரமாக இடம்பெறுகின்றன.

தலைப்பில் இருக்கும் பறவை வங்காளிகளுக்கு அறிமுகமானது. காளிபிரசன்ன சிங்கர் 1860-களின் தொடக்கத்தில் பேச்சு வங்காளத்தில் எழுதிய 'ஹுதோம் பியாஞ்சார் நக்ஷா', ஆந்தை வரைந்த சித்திரங்கள் என்று பொருள்படும் நையாண்டி நூல். இரவில் விழித்திருந்து நகரத்தின் பாசாங்குகளைப் பார்க்கும் ஆந்தை அதில் பேசுகிறது. காளிபிரசன்னர் வெறும் கேலிக்காரர் அல்லர். மகாபாரதத்தை வங்காள உரைநடைக்குக் கொண்டுவரப் பெரும்பொருள் செலவிட்டவர். அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டிய 'நீல் தர்ப்பண்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861-ல் பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு நீதிமன்றம் விதித்த 1,000 ரூபாய் அபராதத்தை அங்கேயே கட்டியவரும் அவரே. கேலியும் எதிர்ப்பும் அந்த நகரத்தில் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன.

படத்தில் அதிகாரிகளை இழுத்துவிடும் குறும்பும் அங்கு புதிதல்ல. 1787-ல் திறக்கப்பட்ட புனித ஜான் தேவாலயத்துக்காக ஜோஹன் ஸோஃபனி வரைந்த இறுதி விருந்து ஓவியத்தில் சீடர்களின் முகங்கள் அன்றைய கல்கத்தாவாசிகளின் முகங்கள். யூதாஸின் முகம் ஏலக்கடைக்காரர் வில்லியம் துல்லோவினுடையது என்று ஊரே சொல்லிச் சிரித்தது. அந்த ஓவியத்தை இன்றும் அதே தேவாலயத்தில் காணலாம்.

பானர்ஜி போன்ற ஒருவருக்கு ஹேஸ்டிங்ஸின் முகம் எளிதில் கிடைத்துவிடும். ரெனால்ட்ஸும் ஸோஃபனியும் வரைந்து வைத்திருக்கிறார்கள். தெருக்களும் மாளிகைகளும்கூடக் கிடைக்கும். தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1786-88-ல் வெளியிட்ட பன்னிரண்டு கல்கத்தாக் காட்சிகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் காட்சிகளில் பல்லக்குச் சுமப்பவர்களும் தண்ணீர் கொண்டுபோகிறவர்களும் படத்தின் அளவைக் காட்டுவதற்காக வைத்த பொம்மைகளைப் போலத்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு முகம் இல்லை. வரலாற்றைச் சித்திர நாவலாக்குகிறவர் எதிர்கொள்ளும் உண்மையான சிக்கல் இதுவே. உரைநடையில் "வேலையாள் ஒருவன் பார்த்தான்" என்று எழுதிவிட்டுப் போகலாம். படத்தில் அந்த வேலையாளுக்குக் கண்ணும் மூக்கும் வைத்தாக வேண்டும்.

அந்த வேலையாட்கள் இல்லாவிட்டால் கல்கத்தாவின் மிகப் பெரிய ஊழல் கதையே நமக்குக் கிடைத்திராது. அதன் நாயகி நம் தரங்கம்பாடியில் பிறந்தவர். 1762-ல் டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்த அந்தக் கடற்கரை ஊரில் ஒரு பிரெஞ்சு அதிகாரிக்கு மகளாகப் பிறந்த கேதரின், பதினைந்து வயது நிறையுமுன்னரே 1777-ல் சந்திரநாகூரில் கம்பெனி ஊழியர் ஜார்ஜ் கிராண்ட் என்பவருக்கு மணம் முடித்துக்கொடுக்கப்பட்டார். 1778 டிசம்பர் 8 இரவு, கணவர் வெளியே விருந்துக்குச் சென்றிருந்தபோது, வீட்டுச் சுவரில் மூங்கில் ஏணி ஒன்று சாத்தியிருப்பதை வேலையாட்கள் கண்டனர். உள்ளிருந்து வெளியே வந்தவர் ஆட்சிக் குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸ். ஆண்டுக்கு 10,000 பவுன் சம்பளம் வாங்கிய அந்தத் துரையை ஜமேதார் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். நண்பர்கள் வந்துதான் அவரை மீட்க நேர்ந்தது.

கணவர் 15 லட்சம் சிக்கா ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1779 மார்ச்சில் 50,000 வழங்கியது. ஏணியின் அமைப்பு முதல் அன்றைய இரவின் கூச்சல் வரை அனைத்தும் வேலையாட்களின் சாட்சியத்தால் பதிவாயின. அடுத்த நூற்றாண்டில் பஸ்டீட் எழுதிய 'எக்கோஸ் ஃப்ரம் ஓல்டு கல்கத்தா' நூல் வழியாக அது கதையாக நிலைத்தது. கேதரின் ஐரோப்பா சென்று, 1802-ல் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலிராண்டை மணந்து, பாரிஸின் பெருமாட்டி ஆனார். 1972 முதல் இரும்புக்கை மாயாவியையும் பிற அயல்நாட்டு வீரர்களையும் நமக்குத் தந்த சிவகாசிக்குத் தரங்கம்பாடி அவ்வளவு தொலைவு இல்லை.

இந்தக் கதைகள் சுவையானவை. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஏணியும் துப்பாக்கியும் நினைவில் நிற்கும்; கணக்குப் புத்தகம் நிற்காது. 1770-ம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்காளத்தின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டதாக மதிப்பிட்டவர் இதே ஹேஸ்டிங்ஸ்தான். 1772-ல் அவர் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லிவிட்டு, 1771-ன் வரி வசூல் பஞ்சத்துக்கு முந்தைய 1768-ஐக்கூட விஞ்சியது என்றும், வலுக்கட்டாயத்தால்தான் அது பழைய அளவில் நிறுத்தப்பட்டது என்றும் குறிப்பிட்டார். சாகசக்காரர்கள் என்று நாம் அழைப்பவர்கள் விளையாடிய சூதாட்டத்துக்கும் நடத்திய விருந்துகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

நந்தகுமாரின் கதையும் அப்படிப்பட்டதே. ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று 1775 மார்ச்சில் ஆட்சிக் குழுவில் குற்றம்சாட்டிய அந்த வங்காளப் பிரமுகர், சில மாதங்களில் பழைய பத்திர மோசடி வழக்கு ஒன்றில் சிக்கி, ஆகஸ்ட் 5-ல் தூக்கிலிடப்பட்டார். மோசடிக்குத் தூக்கு என்பது இங்கிலாந்தின் சட்டம். இந்த மண்ணின் வழக்கம் அல்ல. தீர்ப்பளித்த தலைமை நீதிபதி எலைஜா இம்பே, ஹேஸ்டிங்ஸின் பள்ளித் தோழர். 1780 ஜனவரி 29-ல் நாட்டின் முதல் செய்தித்தாளைத் தொடங்கி, ஹேஸ்டிங்ஸ் தம்பதியையும் இம்பேயையும் வாரந்தோறும் கேலி செய்த ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி சிறைக்குப் போனார். 1782-ல் அவரது அச்செழுத்துகள் பறிமுதல் ஆயின. கிசுகிசு எழுதுவதும் அன்று உயிரைப் பணயம் வைக்காவிட்டாலும் பிழைப்பைப் பணயம் வைத்த வேலைதான்.

எனவே கபாரிதி என்ற கற்பனைப் பாத்திரத்திடம் ஊழல் புத்தகத்தை எழுதும் பொறுப்பைப் பானர்ஜி ஒப்படைத்தது பொருத்தமானதே. வெள்ளையருமல்லாத, வங்காளியுமல்லாத ஒருவரின் பார்வை அது. ஐரோப்பியரின் அலைந்து திரியும் யூதன் கதையிலிருந்து உருவான பாத்திரம் அது. ஆனால் வாசகர் ஒன்றை மனத்தில் இருத்துவது நல்லது. கொல்கத்தாவில் குடியேறிய முதல் யூதராக அறியப்படும் ஷலோம் கோஹன், சிரியாவின் அலெப்போவிலிருந்து சூரத் வழியாக அங்கு வந்தது 1798-ல். அதற்குள் பிரான்சிஸ் ஊர் திரும்பி 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் முன்னின்று நடத்திய குற்ற விசாரணையிலிருந்து 1795-ல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையும் ஆகிவிட்டார். சண்டையிட்டவர்கள் மெய், அவர்களைப் பார்த்து எழுதியவர் புனைவு. படத்தில் இரண்டும் ஒரே மையால் வரையப்படுவதால் எல்லைக்கோடு தெரிவதில்லை. உரைநடை வரலாற்று நாவலில் பழகிய வாசகருக்கு, வந்தியத்தேவனையும் நந்தினியையும் பிரித்தறியத் தெரிந்த தமிழ் வாசகருக்கு, இது பெரிய தடையாக இராது.

கோஹனுக்குப் பின் வந்து செழித்த யூதச் சமூகம் இன்று கொல்கத்தாவில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் சுருங்கிவிட்டது. 1884-ல் கட்டப்பட்ட மேகன் டேவிட் தொழுகைக்கூடத்தைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம்கள். 1902-ல் தொடங்கப்பட்டு நியூ மார்க்கெட்டில் இயங்கும் நாஹும் ரொட்டிக்கடையில் கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்க எல்லா மதத்தவரும் வரிசையில் நிற்கிறார்கள்.

வங்காளத்தில் படக்கதைக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. 1960-களில் 'ஹாண்டா போண்டா', 'பாண்டுல்' ஆகிய தொடர்களைத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் வரைந்த நாராயண் தேப்நாத்துக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் அவர் மறைந்தபோது நகரமே துக்கம் காத்தது. ஆனால் அவர் குழந்தைகளுக்காக வங்காளத்தில் வரைந்தவர். பானர்ஜியின் நூலோ பெரியவர்களுக்கானது, ஆங்கிலத்தில் உள்ளது. காளிபிரசன்னரின் ஆந்தை தெருவில் புழங்கிய வங்காளத்தில் பேசியது. அதன் வழித்தோன்றலான கூகை, யாரைக் கேலி செய்கிறதோ அவர்களின் மொழியிலேயே பேச வேண்டியிருக்கிறது.

தொலைந்த புத்தகத்தைத் தேடும் கதைக்குக் கொல்கத்தாவில் ஒரு மெய்யான முன்னோடியும் உண்டு. 1785-ல் ஊர் திரும்பிய ஹேஸ்டிங்ஸ், தம் சொந்தக் கடிதங்களும் இரு சிறு ஓவியங்களும் வைத்திருந்த கருமர மேசை ஒன்று காணாமற்போனதை உணர்ந்தார். திருடு போயிருக்க வேண்டும், அல்லது தவறுதலாக ஏலத்தில் விற்கப்பட்டிருக்க வேண்டும். 1787-ல் 'கல்கத்தா கெஜட்'டில் விளம்பரம் வந்தது: கண்டுபிடித்துத் தருவோருக்கு 2,000 சிக்கா ரூபாய். அவர் வாழ்ந்த அலிப்பூர் மாளிகையில் பின்னர் பெண்களுக்கான கல்வியியல் கல்லூரி அமைந்தது. நள்ளிரவில் நான்கு குதிரை பூட்டிய வண்டி ஒன்று அதன் வாசலில் வந்து நிற்கிறது என்றும், அதிலிருந்து இறங்கும் துரை அறை அறையாக அந்த மேசையைத் தேடுகிறார் என்றும் அலிப்பூர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள்.