ஓட்டை பெரிசாப் போனா யாரைக் குறை சொல்றது? டிரில் கேஜைக் கேட்போம்!



சுயஉதவிக் குழுத் தொழில் என்றால் கறவை மாடு, ஆடு வளர்ப்பு, தையல், அப்பளம், ஊறுகாய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கோவையைச் சுற்றியுள்ள ஊர்களில் மோட்டார் பம்பு, வெட் கிரைண்டர் உதிரி பாகங்களுக்கு ஓட்டை போடுவது, மரை போடுவது, பிசிறு எடுப்பது போன்ற வேலைகளையும் பெண்கள் செய்கிறார்கள். சிலர் பட்டறைக்குப் போகிறார்கள். சிலர் குழுக் கடனில் டிரில்லிங் மெஷின் வாங்கிப் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார்கள். கூலி பீஸ் கணக்கில்தான். நல்ல பீசுக்குத்தான் காசு.

இந்த இடத்தில்தான் பிரச்சினை வருகிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 400 பீஸ், பீசுக்கு 3 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். முழுசாக வந்தால் 1,200 ரூபாய். அதில் 60 பீஸ் ஓட்டை பெரிசாகி ரிஜெக்ட் ஆனால், மீதி 340 பீசுக்குக் கூலி 1,020 ரூபாய். வீணான இரும்புக்குப் பீசுக்கு 15 ரூபாய் பிடித்தால் 900 ரூபாய் போய்விடும். கைக்கு வருவது வெறும் 120 ரூபாய். கரண்ட் பில் கட்டவே பத்தாது. அப்புறம் குழுத் தவணையை எங்கிருந்து கட்டுவது?

காசு போவதை விடப் பெரிய நஷ்டமும் உண்டு. ரிஜெக்ட் வந்த வாரம் குழுக் கூட்டத்தில் பேச்சு எப்படிப் போகிறது என்று பல இடங்களில் பார்க்கிறேன்.

"அவ கை நிக்கறதில்லீங்க. அவளை மெஷின்ல உக்கார வெச்சதே தப்பு."

"நான் என்னங்க பண்ணட்டும்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே வந்துச்சு!"

வேலை கொடுத்தவரும், "பொம்பளைங்களுக்கு மெஷின் வேலை சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார். மெஷினில் நின்ற சகோதரி அடுத்த வாரம் வேலைக்கே வர மாட்டார். ஆனால் மெஷினில் மாட்டியிருந்த பிட்டைக் கழற்றிப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். பல நேரங்களில் குறை அங்கேதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கைக்கருவி இருக்கிறது. அதன் பெயர் டிரில் கேஜ். அதைப் பற்றித்தான் இந்த மாதம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

பிட்டின் முனையில் என்ன இருக்கிறது?

இன்று நாம் பயன்படுத்தும் சுருள் வடிவ டிரில் பிட்டுக்கு அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் 1863-ல் காப்புரிமை பெற்றார். அதன் உடம்பைச் சுற்றி இரண்டு பள்ளங்கள் சுருளாக ஏறும். வெட்டிய இரும்பு அந்தப் பள்ளம் வழியாகத்தான் வெளியே வரும்.

முனையை உற்றுப் பாருங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு வெட்டு விளிம்புகள் இறங்கும். அரிவாளுக்கு வாய் என்று சொல்கிறோம் அல்லவா, அதுபோல இவற்றையும் வாய் என்றே சொல்வோம். அரிவாளுக்கு ஒரு வாய், பிட்டுக்கு இரண்டு வாய். வாய்க்குப் பின்னால் சரிந்து போகும் பகுதியை முதுகு என்று வைத்துக்கொள்வோம்.

ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளும் சமமாக இழுத்தால்தான் சால் நேராகப் போகும். பிட்டும் அப்படித்தான். இரண்டு வாயும் சமமாக வெட்டினால்தான் ஓட்டை சரியாக விழும். அதற்கு மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்.

1. சாய்வு: சாதாரண இரும்பு, வார்ப்பிரும்பு வேலைகளுக்கு முனையின் மொத்தக் கோணம் 118 டிகிரி இருப்பது வழக்கம். அதாவது நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு வாயும் 59 டிகிரி சாய்ந்திருக்கும்.

2. நீளம்: இரண்டு வாயும் ஒரே நீளம் இருக்க வேண்டும்.

3. முதுகு: வாயை விட முதுகு கொஞ்சம் தாழ்ந்து இருக்க வேண்டும். பொதுவாக 8 முதல் 12 டிகிரி வரை சரிவு வைப்பார்கள்.

கடையில் வாங்கும் புதுப் பிட்டில் இவை சரியாக இருக்கும். மழுங்கிய பிறகு சாணை பிடிக்கிறோம் அல்லவா, அங்கேதான் மாறிப்போகும். கையில் பிடித்துச் சாணை வைக்கும்போது ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்துவிடும். 10 மி.மீ. பிட்டில் ஒரு வாயின் நீளமே ஏறத்தாழ அரை சென்டிமீட்டர்தான். அதில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஓட்டையில் தெரியும்.

டிரில் கேஜ் எப்படி இருக்கும்?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு இரும்புத் தகடு. அதன் ஒரு பக்கத்தில் கோணமாக வெட்டியிருப்பார்கள். ஒரு விளிம்பு பிட்டின் உடம்போடு ஒட்டி நிற்கும். இன்னொரு விளிம்பு பிட்டின் வாயோடு ஒட்டிப் படுக்கும். இரண்டு விளிம்புக்கும் நடுவில் 121 டிகிரி. நேர்கோடு 180 டிகிரி, அதில் 59-ஐக் கழித்தால் 121. சாய்ந்த விளிம்பில் ஸ்கேல் மாதிரி மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். டூல்ஸ் கடையில் "டிரில் கிரைண்டிங் கேஜ்" அல்லது "டிரில் பாயிண்ட் கேஜ்" என்று கேளுங்கள்.

சோதிப்பது எப்படி?

முதலில் மெஷினை நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்து பிளக்கையும் எடுத்துவிடுங்கள். பிட்டு சூடு ஆறிய பிறகு கழற்றி, எண்ணெயும் தூளும் போகத் துணியால் துடையுங்கள்.

பிட்டின் உடம்பைக் கேஜின் நேர் விளிம்போடு ஒட்டி வையுங்கள். ஒரு வாய், சாய்ந்த விளிம்பில் படும்படி மெல்ல நகர்த்துங்கள். இப்போது வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள்.

வாய்க்கும் கேஜுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியாவிட்டால் சாய்வு சரி. நடு முனைப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் முனை தட்டையாக இருக்கிறது. வெளி ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் முனை அளவுக்கு மேல் கூர்மையாக இருக்கிறது.

அடுத்து, நடு முனை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படியுங்கள். அதுதான் அந்த வாயின் நீளம். பிட்டை அரைச் சுற்று திருப்பி, இன்னொரு வாயையும் அதே மாதிரி பாருங்கள். சாய்வும் நீளமும் இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும்.

கடைசியாக, வாய் கேஜில் பட்டிருக்கும்போதே பிட்டை முதுகுப் பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் விரிந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். விரியாவிட்டால் முதுகு உரசும்.

பழகிவிட்டால் எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிட வேலைதான்.

எந்தக் குறைக்கு என்ன விளைவு?

சாய்வு சரி, நீளம் மட்டும் வேறு என்றால்: முனை நடுவில் இல்லை. பிட்டு 8 மி.மீ. ஆக இருந்தாலும் ஓட்டை 8-ஐத் தாண்டிவிடும். ரிஜெக்ட் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு பக்கச் சாய்வும் வேறு வேறு என்றால்: ஒரு வாய்தான் எல்லா வேலையும் செய்யும். அது சீக்கிரம் மழுங்கும். ஓட்டையும் அளவுக்கு வராது.

முதுகு தாழவில்லை என்றால்: பிட்டு வெட்டாது, உரசும். எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. கீச்சென்று சத்தம் வரும், புகையும். "பலமா அழுத்து" என்று சொல்வார்கள். அழுத்தினால் பிட்டு உடையும், கைதான் வலிக்கும்.

முதுகு மிக அதிகமாகத் தாழ்ந்தால்: வாய்க்குத் தாங்கல் இல்லாமல் ஓரம் பெயர்ந்துவிடும்.

வேலை ஓடும்போதே தெரியும் இன்னொரு அடையாளமும் உண்டு. சாதாரண இரும்பில் ஓட்டை போடும்போது இரண்டு பள்ளத்திலிருந்தும் சுருள் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கேஜில் பாருங்கள். பம்பு பாகங்கள் பல வார்ப்பிரும்பில் செய்தவை. அதில் சுருள் வராது, தூளாகத்தான் உதிரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கேஜ் இல்லாதபோது

பட்டறையில் நட்டு இருக்கிறதா? ஆறு பக்க நட்டு, ஒரே அளவில் இரண்டு எடுங்கள். பக்கத்தோடு பக்கம் ஒட்டி மேசையில் வையுங்கள். நடுவில் விழும் பள்ளம் சரியாக 120 டிகிரி. பிட்டின் முனை அதில் ஆடாமல் உட்கார்ந்தால் கோணம் ஏறத்தாழ சரி என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் இரண்டு வாயும் சம நீளமா என்பதை நட்டு சொல்லாது.

பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தால் நாமே ஒரு கேஜ் செய்துவிடலாம். கெட்டி அட்டையிலோ மெல்லிய தகரத்திலோ ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டின் ஒரு முனையில் கோணமானியை வைத்து 121 டிகிரியில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். சாய்ந்த விளிம்பில், மூலையிலிருந்து தொடங்கி மில்லிமீட்டர் கோடுகளைக் குறியுங்கள். கேஜ் தயார். புதுப் பிட்டு ஒன்றை வைத்துப் பார்த்து, சரியாகப் பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அட்டை முனை நைந்துபோனால் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

கேஜ் சொல்லாத விஷயங்கள்

வாய் கூர்மையாக இருக்கிறதா என்பதைக் கேஜ் சொல்லாது. அதற்கு வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாப் பிட்டும் 118 டிகிரி கிடையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாதிரி கெட்டியான உலோகத்துக்கு 135 டிகிரி பிட்டு வரும். 118 கேஜில் வைத்தால் அது தட்டையாகத்தான் தெரியும். அதைக் குறை என்று நினைத்துச் சாணை வைத்துவிடாதீர்கள். சுவரில் ஓட்டை போடும் பிட்டுக்கும் இந்தக் கேஜ் ஆகாது.

பிட்டு சரியாக இருந்தும் ஓட்டை பெரிசானால், சக்கில் பிட்டு ஆடுகிறதா, பீஸை இறுக்கிப் பிடித்திருக்கிறதா, சென்டர் பஞ்ச் குறி சரியாக விழுந்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள்.

பாதுகாப்பு முக்கியம்

முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகுங்கள். பின்னலைக் கொண்டையாக முடியுங்கள். வளையல், மோதிரம் கழற்றிவிடுங்கள். ஓடுகிற டிரில் மெஷினில் கையுறை போடவே கூடாது, சுற்றி இழுத்துவிடும். பீஸைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள். சுருளைக் கையால் தள்ளாதீர்கள், பிரஷ் வைத்துத் தள்ளுங்கள். கண்ணாடி போடாமல் சாணைப் பக்கம் போகாதீர்கள். பிட்டைச் சோதிப்பதை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். சாணை பிடிப்பதை மட்டும் முறையாகப் பயிற்சி எடுத்தவர்தான் செய்ய வேண்டும்.

குழுவாக என்ன செய்யலாம்?

டிரில் வேலை செய்யும் குழுக்கள் ஒரு பிட்டு நோட்டுப் போடுங்கள். தேதி, பிட்டின் அளவு, இரண்டு வாயின் நீளம், சாணை பிடித்தவர் பெயர், அதன் பிறகு ஓடிய பீஸ் எத்தனை, இவ்வளவுதான் எழுத வேண்டும். சாணையிலிருந்து வந்த எந்தப் பிட்டையும் கேஜில் வைக்காமல் மெஷினில் மாட்டக் கூடாது. முதல் பீஸை அளந்து பார்த்த பிறகுதான் இரண்டாவது பீஸுக்குப் போக வேண்டும்.

ஜாப் ஒர்க் எடுக்கும் முன்னாலேயே மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கி, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிட்டு யார் தருவது? சாணை யார் பிடிப்பது? அவர்கள் தந்த பிட்டால் ரிஜெக்ட் ஆனால் அது யார் கணக்கு? வேலை முடிந்து கூலி வாங்கும்போது கேட்டால் வாக்குவாதம்தான் வரும்.

வேலை கொடுத்தவர் அனுப்பிய பிட்டை வாங்கின உடனேயே கேஜில் வைத்து, "இங்க பாருங்கண்ணா, ஒரு வாய் 5, இன்னொரு வாய் 5½. இதுல போட்டா ஓட்டை பெரிசாப் போகும், மாத்திக் குடுங்க" என்று காட்டுங்கள். அளவைக் காட்டிப் பேசும் பெண்ணிடம், "உங்களுக்கு என்ன தெரியும்" என்று யாரும் அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட முடியாது.

இனி ரிஜெக்ட் வந்தால், மெஷினில் நின்ற சகோதரியைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் பிட்டைக் கழற்றிக் கேஜில் வைத்துப் பாருங்கள். அந்த அளவைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படியுங்கள். பிறகு பேசுங்கள்.

இந்தப் பக்கத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கூட்டத்துக்கு வரும்போது ஒரு பழைய பிட்டும் இரண்டு நட்டும் கொண்டுவந்தால், படித்ததை அங்கேயே செய்து பார்த்துவிடலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊக்குநரிடம் சொல்லி அனுப்புங்கள்.