குதிரில் நெல் உண்டு, அடுப்பில் நெருப்பில்லை!

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டியதும் அத்திப்பட்டு வந்துவிடும். அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள்தாம் அந்த வட்டாரத்துக்கு அடையாளம். அங்கே, கணவரை வேலைக்கும் குழந்தைகளைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டு, "என்னவோ களைப்பாக இருக்கிறதே!" என்று திண்ணையில் சாய்ந்துவிடும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகம் வெளுத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா என்ன சொல்வாள்?

"ரத்தம் கம்மி! முருங்கைக் கீரையை ஆய்ந்து சமைத்துச் சாப்பிடு, சரியாகிவிடும்."

பெரும்பாலும் அந்த யோசனை சரிதான். நம் பெண்களுக்கு வரும் சோகையில் மிகுதியும் இரும்புச் சத்துக் குறைவால் வருவதே. ஆனால் வெளுப்போடு, அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள், ஈறில் கசிவு, மாதவிலக்கில் அளவுக்கு மீறிய போக்கு, விட்டு விட்டு ஜுரம் இவையும் சேர்ந்தால்? அப்போது டானிக்கை நம்பிக் காத்திருக்கலாகாது. அது 'ஏப்ளாஸ்டிக் அனீமியா'வாக இருக்கக்கூடும்.

ரத்தம் தயாராகும் சமையலறை எலும்பு மஜ்ஜை. இந்த நோயில் அடுப்பே அணைந்துவிடுகிறது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே குறைகின்றன. ஆரோக்கியமானவருக்கு ஒன்றரை லட்சத்துக்குக் குறையாத தட்டணுக்கள், நோய் கடுமையானால் 20,000-க்கும் கீழே இறங்கிவிடும்.

ரத்தத்தைக் குழாயில் எடுத்து உறையவிட்டால், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அதுதான் சீரம். அது சொல்லும் சேதியைக் கேளுங்கள்! இரும்புக் குறைவுச் சோகையில், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதில் குறைந்திருக்கும். குதிர் காலி என்று பொருள். ஏப்ளாஸ்டிக் சோகையிலோ ஃபெரிட்டின் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். "ரத்தம் செய், ரத்தம் செய்" என்று சிறுநீரகம் அனுப்பும் எரித்ரோபாய்டினும் ஏராளமாக இருக்கும். கட்டளை வருகிறது, நெல்லும் இருக்கிறது, சமைக்க நெருப்பில்லை! ஆனால் சீரம் குறிப்புத்தான் காட்டும். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்தே டாக்டர்கள் முடிவு சொல்வார்கள்.

1888-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய டாக்டர் இந்நோயை முதலில் விவரித்தது 21 வயதுக் கர்ப்பிணி ஒருத்தியிடம் கண்டுதான். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார் 1934-ல் மறைந்ததும் இதனால்தான். கதிர்வீச்சும், சில மருந்துகளும், பென்சீன் ஆவியும் மஜ்ஜையைக் கெடுக்கும். பெட்ரோலிலும் பென்சீன் சிறிதளவு உண்டு. ஆகவே, கை கறையைப் பெட்ரோலால் கழுவும் வழக்கம் வீட்டு ஆண்களுக்கு இருந்தால் கண்டியுங்கள். ஆனாலும் பெரும்பாலோருக்கு வெளிக் காரணம் எதுவும் புலப்படுவதில்லை. உடலின் காவற்படையே மஜ்ஜையைத் தாக்குகிறது. இது ஒட்டுவாரொட்டி அல்ல.

சிகிச்சை உண்டு. குதிரையின் சீரத்திலிருந்து எடுக்கும் ஒரு மருந்து, அந்தக் காவற்படையை அடக்குகிறது. இளவயதினருக்குப் பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால், மஜ்ஜை மாற்றுவது சிறந்த வழி. ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986 முதல் இது நடந்து வருகிறது. உடன் பிறந்த ஒவ்வொருவரிடமும் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

இங்கேதான் பாசம் பகையாகிவிடக்கூடும், சகோதரிகளே! "என் அக்காவுக்கு நான் ரத்தம் தருகிறேன்" என்று தம்பி ஓடி வருவான். அவசரப்படாதீர்கள். அவன் ரத்தத்தை அக்காவின் உடல் அந்நியமென்று குறித்து வைத்துக்கொண்டால், நாளைக்கு அவன் மஜ்ஜையையும் ஏற்க மறுக்கலாம். ரத்தம் ரத்த வங்கியிலிருந்து வரட்டும்; தம்பி வேறு யாருக்காவது கொடுக்கட்டும். அக்காவுக்கு அவன் தரவேண்டியது அதைவிடப் பெரியதாக இருக்கலாம் அல்லவா?