ஊரடங்குக் காலமும் விபத்துக் காயங்களும்

2020 மார்ச் 24ஆம் நாள் மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது; அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் செல்லும் பேருந்துகள் நின்றன. வண்டி ஓடாத சாலையில் விபத்து குறையும் என்பது எவரும் ஊகிக்கக்கூடியதே. ஆயினும் அக்காலம் நமக்குக் கற்பித்த பாடம் வேறு.

2019இல் இந்தியச் சாலைகளில் 4,49,002 விபத்துகள் நேர்ந்தன. 1,51,113 பேர் இறந்தனர். 2020இல் விபத்துகள் 3,66,138 ஆகவும் இறப்புகள் 1,31,714 ஆகவும் குறைந்தன. ஆனால், நூறு விபத்துகளுக்கு எத்தனை இறப்புகள் என்று கணக்கிட்டால், 2019இல் ஏறத்தாழ 34, 2020இல் 36. விபத்து குறைந்த அளவுக்கு இறப்பு குறையவில்லை. வெறிச்சோடிய சாலையில் வேகம் கூடியது ஒரு காரணமாகலாம். சிகிச்சைக்குத் தாமதமானது மற்றொன்றாகலாம்.

சாலை அடங்கினாலும் வீடும் நிலமும் அடங்கவில்லை. ஈரத் தரையில் முதியவர் வழுக்கி விழுவதும், மாடிப்படியில் குழந்தை தவறுவதும் ஊரடங்கு அறியாதவை. ஜவ்வாது மலையில் பங்குனி, சித்திரை மாதங்கள் புளி உலுக்கும் காலம். மரத்திலிருந்து விழுவோருக்கு முதுகெலும்பும் இடுப்பும் முறிவதுண்டு.

இத்தகைய காயத்துடன் மருத்துவமனைக்கு வரப் பலர் தயங்கினர். தொற்று வந்துவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். பேருந்து இன்மை மறுபுறம். திருப்பத்தூர் மாவட்டம் உருவானது 2019 நவம்பர் 28இல்தான். நான்கு மாதங்களுக்குள் ஊரடங்கு வரவே, அதுவரை சொந்த மாவட்டத் தலைநகராக இருந்த வேலூருக்குத் தனி வண்டியில் செல்லவும் தொடக்க வாரங்களில் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 'கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருப்போம்' என்று முடிவு செய்தோரும் உண்டு.

தலைக்காயத்தில் இம்முடிவு பேராபத்தானது. அடிபட்டவர் சற்று நேரம் நன்றாகவே பேசுவார், நடப்பார். மண்டையோட்டுக்குள் கசியும் குருதி சேரச் சேர மூளை அழுத்தப்பட்டு, பின்னரே மயக்கம் வரும். இக்கசிவை எக்ஸ்-ரே காட்டாது. அது எலும்பு முறிவைக் காண்பதற்கு உரியது. மூளைக் குருதிக்கசிவைச் சில நிமிடங்களில் காட்டுவது சி.டி. ஸ்கேன். வயிற்றினுள் குருதி தேங்கியுள்ளதா என்பதை முதலில் அறிய அல்ட்ராசவுண்ட் உதவும்.

பெருந்தொற்றின்போது நுரையீரலைப் பார்க்கவும் சி.டி. கருவியே பயன்பட்டது. தொற்றாளர் ஒருவரைப் படம் எடுத்தபின் கருவியையும் அறையையும் தூய்மைப்படுத்தியே அடுத்தவரை அனுமதிக்க இயலும். 2021இன் இரண்டாம் அலையில் மருத்துவர் கூறாமலேயே மார்பு சி.டி. எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. சி.டி.யின் கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்-ரேயைவிடப் பன்மடங்கு அதிகம். எனவே தேவையின்றி ஸ்கேன் கேட்க வேண்டாம். மருத்துவர் தேவை என்றால் அஞ்சித் தவிர்க்கவும் வேண்டாம்.

தலையில் அடிபட்டபின் வாந்தி, கூடிவரும் தலைவலி, குழப்பப் பேச்சு, வலிப்பு, கை கால் தளர்ச்சி, காது மூக்கில் குருதி, வழக்கத்துக்கு மாறான உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள். குருதி உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர் அறிகுறி இல்லாவிடினும் வர வேண்டும். கழுத்தை அசைக்காதீர்கள், உண்ணவோ பருகவோ கொடுக்காதீர்கள். விபத்து நேர்ந்த நேரத்தையும், கர்ப்பம் எனில் அதையும் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் படங்களைக் கொண்டுவாருங்கள்.

செலவை எண்ணியும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18இல் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றோர் திட்டத்தில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்குள் கட்டணமின்றிப் பெறலாம்.

ஊரடங்கு முடிந்துவிட்டது. மலைப்பாதையின் தொலைவும், 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் எண்ணமும் இன்னும் நம்மிடையே உள்ளன. தொலைவை நம்மால் குறைக்க இயலாது. தாமதத்தைக் குறைக்க இயலும்.