பிம்ப்ரியின் பெனிசிலினும் ஒளிச் சிகிச்சையும்

புனேக்கு அருகில், மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பிம்ப்ரி, இன்று மோட்டார் வாகனத் தொழிலால் அறியப்படும் ஊர். அறுவை சிகிச்சை பெற்றவர் நலமடைவதில் இவ்வூருக்கு இருந்த பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1954-ல், உலக சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் இங்குத் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே பெனிசிலின் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 1960களில் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ந்தது. அறுத்த புண்ணில் சீழ் பிடிக்குமோ என்ற அச்சத்துக்கு மாற்று மருந்து உள்நாட்டிலேயே கிடைக்கலாயிற்று.

இம்மருந்துகளுக்கு முன் மருத்துவர்கள் நாடியவற்றுள் ஒன்று ஒளி. டென்மார்க் நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன், கரிவில் விளக்கின் ஒளியை லென்சுகளால் குவித்து, முகத்தை அரிக்கும் தோல் காசநோய்க்குச் சிகிச்சை அளித்தார். 1903-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லெய்சன் மலையூரில் அகஸ்ட் ரோலியே வெயில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். எலும்பு, மூட்டுக் காசநோய்க்குக் கத்தியைத் தவிர்க்க முனைந்தவர் அவர். பிம்ப்ரியில் தயாரானவை போன்ற மருந்துகள் பெருகியபின் இந்நிலையங்களுக்கு வேலை குறைந்தது. ஊசி மலிவு, பயனும் உறுதி.

ஆயினும் ஒளி மருத்துவத்தை விட்டு முற்றிலும் அகலவில்லை. பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கு ஒளி பயன்படும் என்பது 1958-ல் இங்கிலாந்திலிருந்து வெளியிடப்பட்டது. இன்று அது எங்கும் வழக்கமான சிகிச்சை. 1967-ல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழிக்கப்பட்ட எலிகள் மீது குறைந்த ஆற்றல் கொண்ட லேசர் ஒளியைச் செலுத்தியபோது, மயிர் விரைந்து வளர்ந்தது. ஆறாத புண்களுக்கும் அவர் இதைப் பயன்படுத்திப் பார்த்தார். சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளியை உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள ஒரு நொதி ஈர்த்துக்கொள்கிறது என்பதும், அதனால் ஆற்றல் உற்பத்தி பெருகுகிறது என்பதும் இதற்குக் கூறப்படும் விளக்கம். அளவு குறைந்தால் பயனில்லை, மிகுந்தாலோ எதிர்விளைவு. புற்றுநோய்ச் சிகிச்சையில் வாய்ப்புண் வராமல் தடுப்பதற்கு இம்முறையைப் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. அறுவைப் புண்ணைப் பொறுத்தவரை சான்றுகள் ஒருமுகமாக இல்லை. எல்லா வலிக்கும் எல்லாப் புண்ணுக்கும் ஒரே விளக்கு என்று விற்பனையாளர் கூறினால், கொள்முதல் அலுவலர் எந்த நோய்க்கு, எந்த அளவில் சோதிக்கப்பட்டது என்று கேட்பதே முறை.

செலவு குறைந்த ஒளி ஒன்று உண்டு: அது சன்னல் வழியே வருவது. 1984-ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அகற்றப்பட்ட 46 நோயாளிகள் ஒப்பிடப்பட்டனர். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரையே கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளையும் குறைவாக நாடினர். ஆனால் அங்கு ஒப்பிடப்பட்டது காட்சியே, ஒளியன்று. ஒளியையே அளந்தது 2005-ல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வு. முதுகெலும்பு அறுவை சிகிச்சை பெற்ற 89 பேரில், வெளிச்சமான பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் மணிக்கு 22 விழுக்காடு குறைவான வலிநீக்கி மருந்தே எடுத்துக்கொண்டனர். பகல் வெளிச்சமும் இரவின் இருளும் உடற்கடிகாரத்தைச் சீராக்கி உறக்கத்துக்குத் துணைசெய்வது ஒரு காரணமாகலாம். இவை சிறு ஆய்வுகள்தாம். ஆனால் பெருஞ்செலவு கேட்காதவை என்பதால், மருத்துவமனைக் கட்டட வரைபடங்களைப் பரிசீலிப்போர் இவற்றைக் கவனிக்கலாம்.

வெயில் கடுமையான நம் நாட்டில் சில எச்சரிக்கைகளும் தேவை. கண்ணாடிக்குள் வரும் வெயிலால் வைட்டமின் டி உண்டாவதில்லை. அதற்கு வேண்டிய கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை உண்பவரின் தோல் நேரடி வெயிலில் எளிதில் சிவந்து புண்படும். புதிய தழும்பையும் வெயில் படாமல் மூடிவைப்பதே வழக்கம். கிருமி தொற்றிய புண்ணுக்கு மருந்தை நிறுத்திவிட்டு விளக்கை நம்புவது ஆபத்து. படுக்கையைச் சன்னலோரம் இடுவதும், பகலில் திரையை விலக்குவதும், இரவில் வார்டு விளக்குகளைத் தணிப்பதும் செவிலியர் அளவிலேயே செய்யக்கூடியவை. இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.