வீடு மலிவு, வாழ்க்கை எப்படி? – ஒரு கிராமப்புறக் கவுண்டியை எடைபோடும் முறை



'கிராமமா, நகரமா?' என்ற தலைப்பு நம் வகுப்புகளுக்குப் பழகிப்போன ஒன்று. கிராமத்தில் செலவு குறைவு, காற்று சுத்தம், மனத்திற்கு அமைதி என்று மூன்று வரிகள் எல்லாக் கட்டுரைகளிலும் வந்துவிடும். கருத்து சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் எந்த ஊர், எவ்வளவு குறைவு, யாருக்குக் குறைவு என்று கேட்டால் மாணவரிடம் பதில் இருக்காது. சான்று இல்லாத கருத்துக்கு மதிப்பெண்ணும் அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் அமெரிக்காவின் இரண்டு கிராமப்புறக் கவுண்டிகளைப் பார்ப்போம். கவுண்டி என்பது மாநிலத்திற்கு அடுத்த ஆட்சிப் பிரிவு. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டில் 3,100க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. வீட்டு விலை, வருமானம், வேலைக்குப் போகும் நேரம் எனப் பல விவரங்களை அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை கவுண்டி வாரியாகவே வெளியிடுகிறது. சான்றோடு எழுதிப் பழக அது வசதியானது.

1. இரண்டு சொற்கள், இரண்டு கேள்விகள்

'கட்டுப்படியாகும் செலவு' என்பது கையில் வரும் வருமானத்தில் அங்கே குடும்பம் நடத்த முடியுமா என்ற கேள்வி. 'வாழ்தகுதி' என்பது வேறு. தண்ணீர், சாலை, மருத்துவமனை, பள்ளி, வேலை, பாதுகாப்பு, அக்கம்பக்கம் இதெல்லாம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி. மாணவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். தனித்தனியாக எடைபோட்டுப் பிறகு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏன் என்பதற்கு முதல் கவுண்டியே நல்ல எடுத்துக்காட்டு.

2. மெக்டவல்: விலை ஏன் குறைந்தது?

வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில், அப்பலாச்சியன் மலைப்பகுதியில் இருக்கிறது மெக்டவல் கவுண்டி. தலைமை ஊர் வெல்ச். 'அக்டோபர் ஸ்கை' (1999) படம் பார்த்தவர்களுக்கு அதில் வரும் கோல்வுட் நினைவிருக்கும். அந்தச் சுரங்க ஊர் இங்கேதான் உள்ளது.

அமெரிக்காவில் வீட்டு விலையின் நடுமதிப்பு அண்மைய ஆண்டுகளில் 280,000 டாலரைத் தாண்டிவிட்டது. மெக்டவலில் அது 50,000 டாலருக்கும் குறைவு. நடுமதிப்பு என்பது எல்லா வீடுகளையும் விலை வாரியாக வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் வீட்டின் விலை.

அப்படின்னா அங்கேயே போய் வீடு வாங்கிடலாமா? கொஞ்சம் பொறுங்க. விலையைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான். 1950இல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 98,887. 2020இல் 19,111. ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது. நிலக்கரி வெட்டும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. எஃகுத் தொழிலும் சரிந்தது. கேரி என்ற ஊரைச் சுற்றியிருந்த சுரங்கங்களை யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் 1980களில் மூடியது. வேலை போனதும் இளையோர் கிளம்பிவிட்டார்கள். வீடுகள் நின்றன, வாங்க ஆள் இல்லை. ஆகவே அந்தக் குறைந்த விலைக்குள் ஓர் ஊரின் வரலாறே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாங்குவது எளிது, விற்பது கடினம். இவ்வளவு சிறிய தொகைக்கு வீட்டுக்கடன் கொடுக்கப் பல வங்கிகள் விரும்புவதில்லை. கடனுக்கு ஆகும் வேலை ஒன்றுதான், வங்கிக்குக் கிடைக்கும் வருமானம் சிறிது. அதனால் மலிவான வீட்டையும் ரொக்கம் வைத்திருப்பவர்தான் சுலபமாக வாங்க முடிகிறது.

3. எதற்கு எதிரே மலிவு?

விலையை மட்டும் தனியே பார்த்தால் பொருள் இல்லை. வருமானத்தோடு ஒப்பிட வேண்டும். மெக்டவலில் குடும்ப வருமானத்தின் நடுமதிப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலர். நாடளாவிய நிலையில் 2022இல் அது சுமார் 75,000ஆக இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டளவில் ஒரு வீட்டின் விலை நான்கு ஆண்டு வருமானத்திற்குச் சற்றுக் குறைவு. மெக்டவலில் இரண்டு ஆண்டு வருமானம்கூட வேண்டாம். இந்தக் கணக்கிலும் மெக்டவலே மலிவு.

ஆனால் குடும்பச் செலவு வீட்டோடு முடிவதில்லை. கார், பெட்ரோல், காப்புறுதி, மருந்து, துணிமணி இவற்றின் விலை வருமானம் குறைந்த ஊரில் அதே அளவுக்குக் குறையாது. அமெரிக்க அரசின் வழக்கமான அளவுகோல்படி, வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குப் போனால் அந்தக் குடும்பத்திற்கு அது சுமை. இந்த அளவுகோல் போக்குவரத்தைக் கணக்கில் சேர்க்காது. சிக்காகோவில் இயங்கும் அக்கம்பக்கத் தொழில்நுட்ப மையம் அந்தக் குறையை நிரப்ப, வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வேறோர் அளவுகோல் வகுத்தது.

அது ஏன் தேவை என்பதை ஒரு சிறு கணக்கில் பார்ப்போம். வாடகை, தூரம் இரண்டும் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டவை. மைலுக்கு 67 காசு என்பது அமெரிக்க வருமான வரித் துறை 2024ஆம் ஆண்டுக்கு அறிவித்த மெய்யான விகிதம். பெட்ரோல், தேய்மானம், பழுதுபார்ப்பு, காப்புறுதி எல்லாம் அதில் அடங்கும். வேலை நாள் மாதத்திற்கு 22.

அ) நகரத்து வீடு: வாடகை 900 டாலர். வேலையிடம் 5 மைல். மாதப் பயணம் 220 மைல். செலவு 147 டாலர். மொத்தம் 1,047 டாலர்.

ஆ) கிராமத்து வீடு: வாடகை 500 டாலர். வேலையிடம் 40 மைல். மாதப் பயணம் 1,760 மைல். செலவு 1,179 டாலர். மொத்தம் 1,679 டாலர்.

வாடகையில் 400 மிச்சம், சாலையில் 1,032 கூடுதல். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு கார் வேண்டும். கணக்கு இன்னும் மோசம். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு இந்தப் பயணச் செலவு கிடையாது. அவருக்குக் கிராமத்து வீடுதான் லாபம், இணையச் சேவை நன்றாக இருந்தால்.

4. வாழ்தகுதியை எப்படிப் பார்ப்பது?

தண்ணீர்: மெக்டவலின் பல ஊர்களில் குழாய்களைப் போட்டவை அன்றைய நிலக்கரி நிறுவனங்கள். நிறுவனங்கள் போய்விட்டன, பழைய குழாய்கள் மட்டும் மிஞ்சின. சில ஊர்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மலையோர ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகும் குடும்பங்களும் உண்டு.

வெள்ளம்: ஊர்கள் குறுகிய பள்ளத்தாக்குகளில், ஓடைக்கரையில் இருக்கின்றன. 2001, 2002, 2025 ஆகிய ஆண்டுகளில் கடும் வெள்ளம் வந்தது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளச் சேதத்திற்குப் பணம் தராது. தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும். வீட்டு விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடையும் சாலையும்: கவுண்டிக்குள் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலை எதுவும் போகவில்லை. மலைச்சாலையில் 20 மைல் என்பது சமவெளியில் 20 மைல் போன்றதல்ல. கிம்பல் ஊரிலிருந்த வால்மார்ட் 2016இல் மூடப்பட்டபோது மளிகை வாங்கும் இடமும் போனது, வேலைகளும் போயின.

மருத்துவம்: கிராமப்புறத்தில் மருத்துவமனை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. 'இன்றியமையாச் சேவை மருத்துவமனை' என்று ஒரு வகை அமெரிக்காவில் உண்டு. அதில் அதிகபட்சம் 25 படுக்கைகளே இருக்கும். அவசரச் சிகிச்சை கிடைக்கும். பிரசவம், புற்றுநோய், இதயச் சிகிச்சைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதே அடுத்துக் கேட்க வேண்டியது.

இவை எல்லாம் சேர்ந்து எங்கே போய் முடிகின்றன? 2010ஆம் ஆண்டு நிலவரப்படி மெக்டவலில் ஆண்களின் சராசரி ஆயுள்காலம் சுமார் 64, பெண்களுக்கு 73. வாஷிங்டன் நகரை ஒட்டியுள்ள, வசதி மிகுந்த ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் அதே ஆண்டு ஆண்களுக்கு 82, பெண்களுக்கு 85. இரண்டு கவுண்டிகளுக்கும் இடையே தூரம் சுமார் 350 மைல். ஆண்களின் ஆயுளில் வித்தியாசம் 18 ஆண்டுகள்.

இந்த எண்ணைப் படிக்கும்போது கவனம் வேண்டும். மெக்டவலுக்குக் குடிபோனால் ஆயுள் 18 ஆண்டு குறையும் என்று எழுதிவிடக்கூடாது. சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோய், வறுமை, புகைப்பழக்கம், வலிநிவாரணப் போதை மருந்துகள் எனக் காரணங்கள் பல. ஆரோக்கியமான இளையோர் ஊரை விட்டுப் போவதும் எண்ணைக் கீழே இழுக்கும். எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிரித்துக் காட்டும் மாணவரே கருத்துணர்தலில் உயர்கிறார்.

5. எதிர்முனை: டீட்டன்

வயோமிங் மாநிலத்தில் இருக்கிறது டீட்டன் கவுண்டி. 2020இல் மக்கள்தொகை 23,331. அளவில் மெக்டவலை ஒத்த சிறிய கவுண்டிதான். கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா, பனிச்சறுக்கு மலை, தெளிந்த ஆறு எல்லாம் இங்கே உண்டு. மாநில வருமான வரியும் கிடையாது. ஆனால் நிலத்தில் சுமார் 97 விழுக்காடு அரசு நிலம், வீடு கட்ட மீதி இருப்பது மிகக் கொஞ்சம். செல்வந்தர்கள் வந்து குடியேறியதால் தனிவீட்டின் விலை பல மில்லியன் டாலருக்கு ஏறிவிட்டது.

2021இல் இங்கே தனிநபர் வருமானத்தின் சராசரி 318,297 டாலர், நாட்டிலேயே முதலிடம். ஆனால் குடும்ப வருமானத்தின் நடுமதிப்போ 100,000 டாலரைச் சற்றே தாண்டுகிறது. ஒரு குடும்பத்தின் வருமானம் ஒரு தனிநபரின் வருமானத்தைவிடக் குறைவாக இருக்குமா? சராசரியும் நடுமதிப்பும் வேறு வேறு என்பதால்தான் இப்படித் தெரிகிறது. சில பெருஞ்செல்வந்தர்கள் சராசரியை மேலே தூக்கிவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் குடும்பம் அங்கேயேதான் நிற்கிறது.

ஆகவே ஓட்டல் பணியாளர், ஆசிரியர், தாதி போன்ற பலர் எல்லைக்கு அப்பால் ஐடஹோ மாநிலத்தில் தங்கி, டீட்டன் கணவாய் வழியாக மலையேறி வேலைக்கு வருகிறார்கள். 2024 ஜூன் 8ஆம் தேதி அந்தக் கணவாய்ச் சாலையின் ஒரு பகுதி நிலச்சரிவில் அப்படியே இடிந்து விழுந்தது. மாற்றுப்பாதை திறக்க ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை நீண்ட சுற்றுவழிதான். அந்த ஊரை வாழ்தகுதி உள்ளதாக வைத்திருப்பவர்களே அந்த ஊரில் வாழ முடியவில்லை என்பதை அந்த மூன்று வாரங்கள் எல்லாருக்கும் காட்டிவிட்டன.

6. கடைசிக் கேள்வி: யாருக்கு?

மெக்டவல் மலிவு, வாழ்தகுதி குறைவு. டீட்டனில் வாழ்தகுதி உயர்வு, செலவு கட்டுப்படியாகாது. இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம், ஆனால் முடிக்கக்கூடாது. ஓய்வூதியம் பெறும் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்குச் சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை, உறவினர் பக்கத்திலேயே இருக்கிறார்கள், பெற்றோரின் கல்லறை அந்த மலையில்தான் இருக்கிறது. அவருக்கு மெக்டவலை விட்டுப் போவதுதான் பெருஞ்செலவு. சின்னக் குழந்தையுடன் வேலை தேடும் தம்பதிக்கு அதே வீடு, அதே விலை, ஆனால் விடை வேறு. ஓர் ஊரை எடைபோடும்போது, தராசின் மறுதட்டில் யாரை வைக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'யாருக்கு' என்ற சொல் இல்லாத தீர்ப்பு அரைத் தீர்ப்பு.

7. கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது?

நலிந்த வாக்கியம்: கிராமப்புறத்தில் வீடு மலிவு என்பதால் வாழ்க்கை எளிது.

வலுவான பத்தி: கிராமப்புறத்தில் வீட்டு விலை குறைவாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் மெக்டவல் கவுண்டியில் வீட்டின் நடுமதிப்பு 50,000 டாலருக்கும் குறைவு. ஆயினும், வேலைவாய்ப்பு இழந்து மக்கள் வெளியேறியதே அதற்குக் காரணம். ஆகவே, வேலை தேடும் இளம் குடும்பத்திற்கு இந்த மலிவு முழுப் பயன் தராது.

இதில் கருத்து, சான்று, காரணம், வரம்பு நான்கும் உள்ளன. 'ஆயினும்', 'ஆகவே' என்ற இடைச்சொற்கள் அவற்றை இணைப்பதையும் சுட்டிக்காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 'சராசரி', 'நடுமதிப்பு' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை டீட்டன் கவுண்டியைக் கொண்டு விளக்குக.

2. மூன்றாம் பகுதியின் கணக்கில், வாரத்திற்கு மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தால் முடிவு மாறுமா? கணக்கிட்டுக் காட்டுக.

3. 'மலிவான ஊரே வாழ ஏற்ற ஊர்' என்ற கருத்தை ஒட்டியோ வெட்டியோ 200 சொற்களில் எழுதுக. யாருடைய நிலையிலிருந்து எழுதுகிறீர் என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுக.

இரண்டாம் வினாவைக் குழுவாகச் செய்ய விடலாம். பயண நாள்களை எப்படி எண்ணினார்கள் என்று ஒவ்வொரு குழுவையும் சொல்லச் சொல்லுங்கள். விடைகள் சற்று மாறுபட்டால், அந்த வேறுபாட்டைப் பேசுவதே நல்ல வாய்மொழிப் பயிற்சியாகிவிடும்.