காட்டு மிளகாயும் வைரசு நோய்களும்

பயிர் நோய்களின் ஊற்றுக்கண் காடே என்ற கருத்து பரவலாக உண்டு. மெக்சிக்கோவில் வளரும் சில்தெப்பின் என்னும் காட்டு மிளகாய் பற்றி 2012 இல் வெளியான ஆய்வு, இக்கருத்தை நாம் மீள நோக்க வேண்டுமென உணர்த்துகின்றது. வெண்ணீ பரப்பும் பெகொமோவைரசுகள் இச்செடியையும் தொற்றுவன. ஆயினும், பல்வகைத் தாவரங்களிடையே தானாக முளைத்த செடிகளைவிட, மனிதர் நெருக்கமாகப் பயிரிட்ட அதே இனச் செடிகளிலேயே தொற்று மிகுந்திருந்தது. பயிர்ச்செய்கையால் சூழலின் இனப்பல்வகைமையும் செடிகளிடையிலான பரம்பரை வேறுபாடும் குன்றுகின்றன, ஓம்புதாவரம் செறிகின்றது, வைரசு எளிதிற் பரவுகின்றது. எனவே, இங்கு நோயைப் பெருக்கியது காடன்று, பயிரிடும் முறையே எனலாம்.

இவ்வைரசுகளை எதிர்க்கும் ஆற்றலுடைய செடிகளும் அந்நாட்டுக் காட்டு மிளகாயிடையே இனங்காணப்பட்டுள்ளன. காட்டை அழித்து ஒற்றைப்பயிரை விரிக்கும் வேளாண்மை, நோய்க்கு வழிசமைப்பதோடு அதனை வெல்லும் வளத்தையும் இழந்துவிடுகின்றது. காட்டுறவினங்களை அவற்றின் வாழிடத்திலேயே பேணுவது பயிர்ப் பாதுகாப்பின் ஒரு கூறு என்பதே எமது துணிபாகும்.