பழைய அம்பாசடர் கிளம்பவில்லையா?

பெட்ரோல் அம்பாசடர் பல நாள் நின்றபின் கிளம்ப மறுத்தால், பாகங்களை வாங்க உடனே ஓடாதீர்கள். அந்த 1489 சிசி எஞ்சினில் கணினி கிடையாது. கோளாறைக் கண்ணாலும் காதாலும் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

செல்ஃபே எடுக்கவில்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃபை இயக்குங்கள். வெளிச்சம் சட்டென மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரியில் கம்பி மாட்டும் முனை) பூத்திருக்கிறது. கம்பிகளைக் கழற்றி, வெந்நீரில் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? அப்படியானால் ஒன்று பொறி இல்லை, அல்லது பெட்ரோல் இல்லை. பொறியை முதலில் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான்.

எப்படிப் பார்ப்பது? கைவசம் உள்ள இன்னொரு பிளக்கை ஒரு பிளக் ஒயரில் மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வையுங்கள். வேறொருவர் செல்ஃப் அடிக்கட்டும். பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள், ஷாக் அடிக்கும். நீலப் பொறி வந்தால் நல்லது.

வரவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) மூடியைத் திறங்கள். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். அடுத்து பாயின்ட் (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சிறு தொடுமுனை). நின்ற வண்டியில் இது கறுத்துப்போகும். நைசான எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, முழுதும் விலகிய நிலையில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கும்படி வையுங்கள். சீக்கிரமே மறுபடி கருகினால் கண்டன்சரை (பாயின்ட் கருகாமல் காக்கும் சிறு மின்தேக்கி) சந்தேகியுங்கள்.

பொறி இருக்கிறது, பெட்ரோல்? பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: பம்ப், ஃபில்டர், கார்பரேட்டர் என்று வரிசையாகப் பாருங்கள். நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வந்துவிட்டது. பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து செல்ஃப் அடியுங்கள். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், செல்ஃப் மோட்டார் சூடேறும்.

கார்பரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பலாமா? கூடாது. எஞ்சின் பின்னடித்தால் தீ முகத்துக்கே வரும்.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் (பம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) அது கெடுக்கும். பெட்ரோல் வாடை அடித்தால், ஹோஸை மாற்றும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.